உள் லைனிங்கைப் பிரிக்க வேண்டாம்

ஜனவரி 6

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். ஒன்பது வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு இப்போது ஆவல் என்றால் நீ சிரிப்பாய். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பழைய வண்டியின் கூரை துருப்பிடித்துவிட்டது. மழை பெய்தால் முன்சீட்டில், ஸ்டியரிங்குக்கு எதிர்ப்பக்கம், சொட்டுச் சொட்டாக விழுகிறது. போன வாரம் துணி போட்டுத் துடைத்தபோது என் விரலே உள்ளே போய்விட்டது. இங்கே மூன்று பட்டறையில் காட்டினேன். மூன்று பேரும் ஒரே பாட்டுத்தான்: "சார், உள்ளே லைனிங்கைப் பிரிச்சு, தகட்டை வெட்டி எடுக்கணும்." வெட்டுவதற்கு அது என்ன கத்தரிக்காயா? வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 12-ஆம் தேதி நம் ஓட்டுநர் பள்ளிக்கு நாற்பது வருடம். அந்த வண்டியில்தான் முதல் மாணவனுக்கு கிளச் மிதிக்கச் சொல்லிக்கொடுத்தேன். விழா அன்று அதை வாசலில், போர்டுக்கு நேர் கீழே நிறுத்த வேண்டும். போர்டு உனக்கு மறந்திருக்காது: 'ஆரம்பித்த நாள் முதல் ஒரு கீறல் இல்லை.' அப்படி எழுதி வைத்துவிட்டு அதன் கீழே ஓட்டைக் கூரையோடு ஒரு வண்டி நின்றால் பார்க்கிறவன் சிரிக்க மாட்டானா?

பழைய கார்களுக்கென்றே நீ அங்கே பட்டறை வைத்திருப்பதாகவும், தூரத்திலிருந்தெல்லாம் வண்டி வருவதாகவும் கேள்விப்பட்டேன். பெண்பிள்ளை சுத்தியல் பிடிப்பதா என்று நான் ஒரு காலத்தில் குதித்தது உண்மை. இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை, குதிப்பதை விட்டுவிட்டேன்.

வண்டியை லாரியில் ஏற்றி அனுப்புகிறேன். நிபந்தனை ஒன்றுதான். வேலையை மேலிருந்தே முடித்துவிடு. துருவைச் சுரண்டு, பட்டி போட்டு அடை, தேய்த்து பெயின்ட் அடி. உள் லைனிங்கைப் பிரிக்க வேண்டாம். அது கம்பெனித் துணி. கிழிந்தால் இப்போது கிடைக்காது.

அப்பா


ஜனவரி 15

அப்பாவுக்கு,

நான் பதில் எழுத உட்காருவதற்குள் வாசலில் லாரி நிற்கிறது. 'அனுப்பட்டுமா' என்று கேட்கிற பழக்கம் உங்களுக்கு எப்போதுமே கிடையாது, இப்போது மட்டும் எங்கிருந்து வரும்?

வண்டியை இறக்கிவிட்டேன். வண்டிமேல் எனக்குக் கோபமில்லை. செய்து தருகிறேன். ஆனால் எது சொல்வதானாலும் கடிதத்தில் சொல்லுங்கள். லாரிக்காரரிடம் என் போன் நம்பரைக் கேட்டீர்களாமே, தர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போனில் பேசினால் நாளைக்கு "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்பீர்கள்.

உதாரணம் வேண்டுமா? அம்மா போன நான்காம் நாள். கூடம் நிறைய ஆட்கள். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இருபத்தாறு வருஷம் ஒரு பொண்ணு தாயை இப்படித் தாங்கினதை நான் எங்கேயும் பார்த்ததில்லை"ன்னு சொன்னாங்க. நீங்கள் காபியை ஆற்றிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னீர்கள்: "பண்ணத்தானே வேணும்."

மாடிப்படியில் சோப்புத் தண்ணீரைக் கொட்டியவள் நான். அம்மா அதில் வழுக்கி விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் படுத்த படுக்கையாகப் போனது என்னால். ஒன்பது வயதிலிருந்து தெரியும். பல் தேய்க்கும்போதும் தெரியும். அதற்காகத்தான் கல்லூரிக்குப் போகாமல் எதிர்ச் சந்துப் பட்டறையில் சுத்தியலைப் பிடித்தேன், கூப்பிட்டால் ஓடி வரலாம் என்று. இதெல்லாம் தெரிந்த நீங்கள் அன்றைக்கு, அத்தனை பேர் முன்னால், அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அந்த வாரமே பெட்டியைக் கட்டினேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். பட்டி போட்டு அடைப்பதற்கு நான் தேவையில்லை, தெருமுனையில் எவனும் செய்வான். உங்கள் கூரை உள்ளிருந்து அரித்துக்கொண்டு வந்திருக்கிறது. மேலே தெரிவது கடைசியாக வந்த ஓட்டை. அடிப்பக்கம் பார்க்காமல் நான் கை வைக்க மாட்டேன்.

மகள்


ஜனவரி 24

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு துக்க வீட்டில் எவனோ ஏதோ கேட்டதற்கு வாய் தவறி வந்த ஒரு சொல்லைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாய். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் அளந்து பேசுவானா?

ஒன்று கேட்கிறேன், நெஞ்சில் கை வைத்துச் சொல். இத்தனை வருடத்தில் "உன்னால்தான்" என்று நான் ஒரு தடவையாவது சொன்னதுண்டா? கோபத்தில்கூட? நீ பரீட்சையில் கோட்டை விட்ட அன்றுகூட? சொன்னதில்லை. அதை யோசித்துப் பார்.

இங்கே விழாவுக்கு ஏற்பாடு மும்முரம். நீ குட்டை மாஸ்டர் என்று பட்டப்பெயர் வைத்தாயே, அவர் இன்னும் என்னோடுதான் இருக்கிறார். பழைய மாணவர்களுக்கெல்லாம் அவர்தான் கடிதம் போடுகிறார். போர்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்தாயிற்று. எழுத்து முன்பைவிடப் பெரிது.

லைனிங் விஷயம். நீ பெரிய தொழில்காரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வண்டி என்னுடையது. ஷோரூமிலிருந்து நானே ஓட்டி வந்தது. அதற்கு என்ன ஆகும், ஆகாது என்று எனக்குத் தெரியும். வீட்டுக்காரன் வேண்டாம் என்று சொன்ன அறையைத் திறந்து பார்ப்பது நல்ல வேலைக்காரனுக்கு அழகில்லை. திரும்பவும் எழுதுகிறேன்: உள் லைனிங்கைப் பிரிக்க வேண்டாம்.

அப்பா


பிப்ரவரி 5

அப்பாவுக்கு,

பிரித்துவிட்டேன்.

திட்டுவதற்கு முன்னால் முழுதும் படியுங்கள். துணி கிழியவில்லை. தையல்காரரை வைத்து ஓரத்து நூலை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தோம். அது கம்பெனித் துணியும் இல்லை. கம்பெனியில் இப்படிக் கோணல் மாணலாகத் தைத்து அனுப்பினால் அவர்கள் கடையைச் சாத்திக்கொண்டு போக வேண்டியதுதான்.

உள்ளே பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. உங்கள் மேல் இல்லை, அந்த வேலையைச் செய்த மகானுபாவன் மேல். வண்டிக்கு இருப்பது பாதிக் கூரைதான். மிச்சப் பாதி வேறு ஏதோ வண்டியிலிருந்து வெட்டி வந்து ஒட்டியது. நம் வண்டி யானைத் தந்த நிறம், அந்தப் பாதியின் அடிப்பக்கம் பச்சை. இரண்டும் சேரும் இடத்தில் மேலே ஒரு விரல் கனத்துக்குப் பட்டி அப்பியிருக்கிறார்கள். அடியில் பற்றவைத்த கசடைச் சுரண்டவில்லை, பிரைமர் ஒரு கைகூட அடிக்கவில்லை. அப்படியே ஈரத்தோடு பஞ்சை வைத்துத் துணியை மூடியாயிற்று. பின்னே துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? யாரோ விரட்டி விரட்டி வேலை வாங்கியிருக்க வேண்டும். நிதானமாகச் செய்தவன் வேலை இல்லை இது.

குறுக்கே கூரையைத் தாங்கும் சட்டம் ஒன்று உண்டு. அது மடங்கி, அடித்து நிமிர்த்தப்பட்டிருக்கிறது. கண்ணாடி ஓரத் தூணும் அப்படியே. ஸ்டியரிங்குக்கு எதிர்ப்பக்கம் மட்டும். இந்த மாதிரி நான் பார்ப்பது கவிழ்ந்த வண்டிகளில்தான்.

நீங்கள் ஷோரூமிலிருந்து புதிதாக எடுத்த வண்டி. உங்கள் கையைவிட்டுப் போனதே கிடையாது. அப்படியானால் இது எப்போது கவிழ்ந்தது? யாருக்காவது இரவல் கொடுத்தீர்களா? குட்டை மாஸ்டர் ஏதாவது கைவரிசை காட்டி உங்களிடம் மறைத்துவிட்டாரா?

டிங்கர் வேலைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு, வெளியாட்களுக்குத் தெரியாது. பெரிய வேலை முடித்தால் தகட்டின் மறைவான பக்கத்தில் ஆணியால் தேதியைக் கீறிவிட்டுத்தான் மூடுவோம். இதிலும் ஏதோ கீறியிருக்கிறது, மேலே பசை காய்ந்து கிடக்கிறது. கரைத்துப் பார்த்தால் ஆள் எப்போது விளையாடினான் என்று தெரிந்துவிடும்.

மகள்


பிப்ரவரி 12

வேலையை நிறுத்து.

மரக்கிளை விழுந்தது. அவ்வளவுதான். சின்ன விஷயம் என்று நான் உங்கள் யாரிடமும் சொல்லவில்லை. எதையும் கரைக்க வேண்டாம். எப்படி இருக்கிறதோ அப்படியே லாரியில் ஏற்றி அனுப்பிவிடு. கூரை ஒழுகினால் ஒழுகட்டும்.

சொன்னதைக் கேட்கிற பிள்ளையாகத்தானே இருந்தாய்?

அப்பா


பிப்ரவரி 20

அப்பாவுக்கு,

வண்டியைத் திருப்பி அனுப்பவில்லை. அனுப்பவும் முடியாது, வெட்டி எடுத்தாயிற்று.

பசையைக் கரைத்தேன். '19-11' என்று இருக்கிறது. பக்கத்தில் வருடம். நான் நான்காம் வகுப்பு படித்த வருடம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தேன். பட்டறையில் என் கூட வேலை செய்கிறவரைக் கூப்பிட்டு, "நீங்க படிங்க" என்றேன். அவரும் அதையே படித்தார்.

அம்மா படியில் விழுந்தது நவம்பர் 11. எட்டே நாள்.

அன்று காலை பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் மாடிப்படியில் உட்கார்ந்து பொம்மைக்கு உடுப்புத் துவைத்தேன். மிச்சமிருந்த தண்ணீரைப் படியிலேயே கொட்டிவிட்டு ஓடினேன். சாயங்காலம் வந்தால் வீடு பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாங்க. நீங்கள் டாக்டரிடம், "மாடிப்படியில விழுந்துட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். "நான்தான்பா படியில சோப்புத் தண்ணி கொட்டினேன்" என்றேன். நீங்கள் குனிந்து என்னைப் பார்த்தீர்கள். பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு என் தலையைத் தடவி, "சரி, அழாதே" என்றீர்கள்.

அதை நான் முப்பத்தைந்து வருடமாக மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு வாரமும் நீங்கள் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில்தான் வந்தீர்கள். "வண்டி எங்கேப்பா?" என்று கேட்டேன். "எஞ்சின் வேலைக்கு விட்டிருக்கு" என்றீர்கள். எஞ்சின் வேலைக்குப் போன வண்டி புதுப் பெயின்ட் வாசனையோடு திரும்பி வந்தது. அம்மா கட்டிலில் அசையாமல் கிடக்கும்போது இந்த மனுஷன் வண்டிக்கு அலங்காரம் பண்ணியிருக்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. அந்த வயதில் அவ்வளவுதான் தோன்றியது. அதற்குப் பிறகும் தோன்றவில்லையே, அதைச் சொல்லுங்கள். இருபத்தைந்து வருடமாக நசுங்கிய வண்டிகளைப் பிரித்துப் பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. என் வீட்டு வாசலில் நின்ற வண்டியை நான் ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மரக்கிளையாம். எந்த மரம் அப்பா? கூரையில் மட்டும் விழுந்து, பானெட்டைத் தொடாமல், கண்ணாடித் தூணை மட்டும் தேடிப் பிடித்து மடக்கிய மரம் எங்கே முளைக்கிறது? யார் காதில் பூச் சுற்றுகிறீர்கள்?

பதினெட்டு வயதில் எனக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. கடிதத்தை மடித்து அரிசி டப்பாவுக்குள் வைத்தேன், அம்மா கண்ணில் பட்டால் வருத்தப்படுவாள் என்று. முப்பதில் ஒருவர் என்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்தார். நல்ல மனுஷர். "எனக்கு அம்மா இருக்காங்க" என்றேன். "அதனாலென்ன, எனக்கும்தான் இருக்காங்க" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. என் கதையை அவரிடம் எப்படிச் சொல்வது?

நீளமாக எழுதிச் சமாளிக்க வேண்டாம். ஒரே கேள்வி. அம்மா அன்று விழுந்தது படியிலா, வண்டியிலா? ஒரு சொல் போதும்.

மகள்


மார்ச் 2

வண்டி.

கேட்டாய், எழுதிவிட்டேன். மீதியையும் கேட்டுக்கொள்.

ஓட்டியது நான் இல்லை. உன் அம்மா. ஓட்டிப் பழக வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசைப்பட்டாள். ஊருக்கு வெளியே ஆளில்லாத சாலைக்குக் கூட்டிப்போய் ஸ்டியரிங்கைக் கொடுத்தேன். வளைவில் பயந்துவிட்டாள். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். வண்டி பள்ளத்தில் புரண்டது. லைசென்ஸ் இல்லாதவளை ஓட்ட விட்டேன் என்று வெளியே தெரிந்தால் அவளுக்கும் அவமானம், பள்ளியையும் இழுத்து மூடியிருப்பார்கள். அவள் பெயர் கெடக் கூடாது என்றுதான் மறைத்தேன். இத்தனை வருடம் அவளுக்காக இதைச் சுமந்தவன் நான். என்னைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கிறாய்.

நான் உன்னைக் குற்றம் சொல்லவே இல்லை. நீயாக வந்து சொன்னாய். நீயாக நினைத்துக்கொண்டாய். ஒன்பது வயதுக் குழந்தை என்ன நினைக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருக்கிற நிலைமையிலா அன்று நான் இருந்தேன்?

இப்போது தெரிந்துவிட்டது அல்லவா? நிம்மதியாக இரு. ஏப்ரல் 10-க்குள் வண்டி இங்கே இருக்க வேண்டும்.

அப்பா


மார்ச் 9

அப்பாவுக்கு,

அம்மா சைக்கிளைக்கூட ஏறி ஓட்டாமல் தள்ளிக்கொண்டே கடைக்குப் போனவள். அவளுக்கு ஸ்டியரிங் ஆசையாம்.

அதை விடுங்கள். கூரைக்கு வாருங்கள். நசுங்கியது ஸ்டியரிங்குக்கு எதிர்ப்பக்கம். சட்டம் சீட்டின் தலைமட்டம் வரைக்கும் இறங்கியிருக்கிறது, நிமிர்த்திய சுத்தியல் அடி ஒவ்வொன்றும் அதில் தெரிகிறது. அந்தச் சீட்டில் இருந்தவர் எழுந்து நடந்திருக்கவே முடியாது. ஸ்டியரிங் பக்கம் பாருங்கள், ஷோரூம் பெயின்ட்கூட உரியவில்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, அன்று சாயங்காலமே டாக்டர் முன்னால் நின்று பேசினார். சட்டையில் கசங்கல் இல்லை, எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பதில் சொல்ல முடியாதவள் தலையில் தூக்கிப் போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைத்தீர்கள். முதலில் ஒன்பது வயதுக்காரி தலையில். இப்போது செத்துப்போனவள் தலையில். வெட்கமாக இல்லையா உங்களுக்கு? எனக்கு இருக்கிறது, உங்கள் மகள் என்று சொல்லிக்கொள்ள.

"நான் உன்னைக் குற்றம் சொல்லவே இல்லை" என்கிறீர்கள். சரி, சொல்லவில்லை. "நீ காரணமில்லை கண்ணு" என்று சொன்னீர்களா? இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள்? நான் அம்மாவுக்குத் துணி மாற்றும்போது வாசல்படியில் நின்று பார்த்துவிட்டுப் போவீர்களே, அப்போது? மூன்று சொல். அதைச் சொல்ல உங்களுக்கு மூச்சு நின்றுவிடுமா?

போர்டைக் கழற்றுங்கள். நாற்பது வருட விழாவில் வாசலில் அது தொங்கக் கூடாது. கழற்றினேன் என்று எழுதுங்கள், வண்டி வரும்.

அம்மாவுக்குத் தெரியுமா என்றும் எழுதுங்கள். நான் படியில் தண்ணீர் கொட்டியதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியுமா?


மார்ச் 21

மகளே,

போர்டைக் கழற்ற மாட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைக் கழற்றினால் எனக்கு என்ன மிச்சம்? எழுபத்தாறு வயதில் இனி எந்தப் போர்டை எழுதி மாட்டுவேன்?

மற்றதைக் கேட்டாய். எழுதுகிறேன். இரண்டு நாளாக எழுதிக் கிழித்துக் கிழித்து, இது கடைசித் தாள்.

நான்தான் ஓட்டினேன். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்று காலை ஒரு மாணவன் முதல் தடவையிலேயே தேர்வில் தேறியிருந்தான். நான் குஷியில் இருந்தேன். "பாரு, ஒரு விரல் போதும் எனக்கு" என்று ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைச் சுழற்றிக் காட்டினேன். அவள், "ரெண்டு கையாலயும் பிடிங்களேன்" என்றாள். நான் மாணவர்களிடம் முதல் நாள் சொல்லும் பாடத்தை எனக்கு அவள் சொன்னாள். எனக்கு அது பிடிக்கவில்லை. இன்னும் வேகமாகத் திருப்பினேன். அவ்வளவுதான் நடந்தது. எதிரே வண்டி இல்லை, மழை இல்லை, நாய் குறுக்கே வரவில்லை. சொல்லிக்கொள்ள ஒரு காரணம்கூட எனக்குக் கிடையாது.

அந்த டாக்டர் என்னை நம்பவில்லை. "படியில விழுந்தா இப்படி ஆகாதே"ன்னு சந்தேகமாகப் பார்த்தார். போலீசுக்குச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் நீ வந்து நின்று, அழுதுகொண்டே சோப்புத் தண்ணீரைப் பற்றிச் சொன்னாய். குழந்தை பொய் சொல்லுமா? அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நீ என்னைக் காப்பாற்றினாய். அதற்குப் பிறகு உன்னிடம் எப்படி எடுத்துச் சொல்வேன்? நாளைக்குச் சொல்லலாம், வளரட்டும் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் உன் மேல் இல்லை. ஆனால் உன் மேல்தான் காட்டினேன்.

பெரியம்மா உன்னைப் புகழ்ந்த அன்றும் அதுதான். அவர் புகழப் புகழ எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. வாயை அடைக்கத்தான் அப்படிச் சொன்னேன்.

உன் அம்மாவுக்குத் தெரியும். படியில் விழுந்ததாகச் சொல்ல அவளும் ஒத்துக்கொண்டிருந்தாள்; நீ உன்னையே காரணமாக நினைப்பது மட்டும் முதலில் தெரியாது, பிறகு தெரிந்துகொண்டாள். உனக்குக் கல்லூரி இடம் கிடைத்த வருடம். அரிசி டப்பாவில் நீ வைத்த கடிதத்தை நான்தான் பார்த்தேன், அவளிடம் காட்டினேன். ரொம்ப நேரம் அழுதாள். "இன்னிக்கே சொல்லிடலாங்க, பாவம் அது, தன்னாலதான்னு நினைச்சுக்கிட்டு வேகுது" என்றாள். சரி, நீயே சொல் என்றேன். நீ பட்டறையிலிருந்து வந்தாய். அவளைத் திருப்பிப் படுக்க வைத்தாய், முதுகைத் துடைத்தாய், பவுடர் போட்டாய். அவள் உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நீ அடுப்படிக்குப் போன பிறகு என்னிடம் சொன்னாள்: "வேண்டாம். தெரிஞ்சா அவ போயிடுவா. அப்புறம் என்னை யாரு திருப்பிப் படுக்க வைப்பா?"

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை.

இதை எழுதியிருக்கக் கூடாது என்று படுகிறது. ஆனால் கேட்டவள் நீ. வண்டியை அனுப்பு, அனுப்பாமல் இரு. உன் இஷ்டம்.


ஏப்ரல் 3

அப்பாவுக்கு,

வண்டியை இன்று காலை ஏற்றிவிட்டேன். எட்டாம் தேதி வந்து சேரும். அனுப்பாமல் விடலாம் என்று இருந்தேன். வேலையைப் பாதியில் போட எனக்குத் தெரியாது, வேறு ஒன்றும் இல்லை.

கூரை முழுவதும் புதுத் தகடு. ஒட்டுக் கிடையாது. தூணை வெட்டி எடுத்து வேறு வைத்திருக்கிறேன். உள்ளேயும் வெளியேயும் பிரைமர் இரண்டு கை, ஓரத்து வாய்க்கால் முழுக்க அடைப்புப் பசை. லைனிங் புதுத் துணி. எவ்வளவு மழை பெய்தாலும் இனி உங்கள் மேல் ஒரு சொட்டு விழாது. வெட்டி எடுத்த பழைய பாதி என்னிடம் இருக்கிறது, தர மாட்டேன். படியில் ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கு வேறு யாரும் எனக்குச் சாட்சி சொல்லவில்லை. கூலி அனுப்ப வேண்டாம். கடிதமும் அனுப்ப வேண்டாம். போர்டை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், நான் அந்தத் தெருவுக்கு வரப்போவதில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இதுவும் புளுகு என்றுதான் முதலில் முடிவு கட்டினேன். வண்டி ஓட்டினாள் என்று எழுதியவர்தானே, இதையும் எழுதுவார் என்று. ஒரு வாரம் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். முடியவில்லை. 'யாரு திருப்பிப் படுக்க வைப்பா' என்பது உங்களுக்குத் தோன்றுகிற பேச்சில்லை. நீங்கள் ஒரு நாளும் அவளைத் திருப்பிப் போட்டதில்லை. அவளுக்குத்தான் அந்தக் கவலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். பட்டறையில் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஓடி வருவேன். நான் வரும் சத்தம் கேட்டதும் அவள் முகம் மலருமே, அது என்னைப் பார்த்த சந்தோஷம் என்று இருந்தேன்.

உங்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் பெரிது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்னால் சாப்பிட முடிகிறது, வேலை பார்க்க முடிகிறது. அம்மாவை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. பதினேழு வருடம், தினமும் என் கையால் கஞ்சி குடித்துக்கொண்டே, நான் போய்விடுவேன் என்று பயந்திருக்கிறாள். பதினெட்டு வயதுப் பெண்ணை அவள் அவ்வளவுதான் எடை போட்டிருக்கிறாள்.

ஒரு தடவை கேட்டிருக்கலாம். "இதுக்கு நீ காரணமில்லை, ஆனா போகாதே, இங்கேயே இரு"ன்னு கேட்டிருக்கலாம்.

கேட்டிருந்தால் இருந்திருப்பேன் அப்பா. எந்தப் பழியும் இல்லாமல், சும்மாவே அவள் கூட இருந்திருப்பேன்.